விரல் மடக்கிக் கணக்குப் போடும் குழந்தை: தடுக்கலாமா, விட்டுவிடலாமா?

1 | கேள்விக்குறி

மகளுக்கு ஆறு வயது. 5+5, 6+6 போன்றவற்றைக் கேட்ட உடனே சொல்லிவிடுவாள். 8+3 என்றால் எட்டிலிருந்து தொடங்கி ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று விரலை மடக்குவாள். இதுவரை சரி. ஆனால் அதே கணக்கை மறுநாள் கொடுத்தால், முதல் தடவை பார்ப்பவள் மாதிரி எட்டு பென்சிலை ஒரு பக்கமும் மூன்றை மறுபக்கமும் அடுக்கி, ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணுகிறாள். ஒரே நேரத்தில் உட்கார்ந்து போடும்போதுகூட, ஒரு கணக்கு மனப்பாடமாக வருகிறது, அடுத்தது விரலில் வருகிறது, அதற்கும் அடுத்தது நோட்டில் கோடு போட்டு எண்ணி வருகிறது.

வீட்டுப் பெரியவர்கள் "விரலை மடக்காதே, வாயில வரணும்" என்கிறார்கள். வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டுமாம். விளைவு, இப்போது மேசைக்கு அடியில் மடக்குகிறாள். அதுவும் முடியாவிட்டால் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுகிறாள்.

முன்னேறிய குழந்தை ஏன் பின்னால் போகிறது? விரலை நிறுத்தச் சொல்வது சரியா?

2 | மூன்றாம்பெஞ்சு

பல்லைத் தொட்டு எண்ணும் முறைக்கு என் முழு ஆதரவு. எந்த ஆசிரியராலும் பிடிக்க முடியாது. பால்பல் விழும் வயதில் மட்டும் விடை கொஞ்சம் குறையலாம்.

3 | மணிச்சட்டம்

தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். நீங்கள் சொல்வதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன், ஆகவே முதலில் பயத்தை விடுங்கள்.

கூட்டலில் குழந்தைகள் கடந்து வரும் வழிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும். முதலில் இரண்டு குவியலையும் தனித்தனியாக எண்ணி வைத்து, பிறகு சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணுவது. உங்கள் மகள் பென்சிலில் செய்வது இதுதான். அப்புறம், முதல் எண்ணை மறுபடி எண்ணாமல் அதிலிருந்து மேலே எண்ணுவது. அதற்கும் பிறகு, 3+8 என்று கொடுத்தாலும் பெரிய எண்ணான எட்டிலிருந்தே தொடங்குவது. இன்னொரு பக்கம், தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிப்பது: 6+6 தெரியும், ஆகவே 6+7 அதைவிட ஒன்று கூட, 9+6 என்றால் ஆறிலிருந்து ஒன்றை ஒன்பதுக்குக் கொடுத்து 10+5. கடைசியில் நினைவிலிருந்து நேராகச் சொல்வது.

நம் வகுப்புகளில் "பெரிய எண்ணை மனசுல வை, சின்ன எண்ணை விரல்ல வை" என்று சொல்லிக்கொடுப்போம் இல்லையா? மேலே சொன்ன மூன்றாவது வழியை அப்படியே வாய்ப்பாடாக ஆக்கியதுதான் அது. சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை. நேரம் முக்கியம். முந்திச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

ஒரு பையன் 8+3 போடுகிறான். "மனசுல எட்டு" என்று சொல்லி நெற்றியைத் தொடுகிறான், மூன்று விரலை நிமிர்த்துகிறான். முதல் விரலைத் தொட்டு "எட்டு", இரண்டாவதைத் தொட்டு "ஒன்பது", மூன்றாவதைத் தொட்டு "பத்து". விடை பத்து. 6+4 கொடுத்தால் ஒன்பது. 7+2 கொடுத்தால் எட்டு. எல்லா விடையிலும் சரியாக ஒன்று குறைகிறது. கவனக்குறைவு என்றால் தப்பு இப்படி ஒரே சீராக வராது. "எட்டு" என்று ஒரு தடவை சொன்னாலே எட்டுப் பொருளும் எண்ணி முடிந்தாயிற்று என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனைப் பொறுத்தவரை எட்டு என்பது எண்ணும் வரிசையில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான். சடங்கு தெரிந்துவிட்டது, எண் தெரியவில்லை.

நான் செய்வது இதுதான். எட்டு மணிகளை எண்ணி வைத்து என் உள்ளங்கையால் மூடிவிடுவேன். "இதுக்குள்ள எட்டு இருக்கு" என்று சொல்லி, வெளியே மூன்று மணியை வைத்து மொத்தம் கேட்பேன். சில குழந்தைகள் என் கைமேலேயே எட்டு தடவை தட்டி, ஒன்று முதல் எட்டு வரை எண்ணிய பிறகுதான் வெளியே உள்ளதற்கு வருவார்கள். அவர்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சில குழந்தைகள் கையை ஒரு தடவை தட்டி "எட்டு" என்று இழுத்துச் சொல்லிவிட்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று போவார்கள். இவர்களிடம் "மனசுல வை" என்றால் பொருள் உண்டு.

உங்கள் மகள் இரண்டாவது வகை. அதனால் பென்சில் அடுக்குவது திறமைக் குறைவு அல்ல.

4 | நேர்கோடு

ஆசிரியர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் இங்கே ஒரு பக்கம் விடுபடுகிறது. விரல் என்பது ஓர் ஊன்றுகோல். எவ்வளவு காலம் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? நாளைக்கு இதே குழந்தை மூன்றிலக்க எண்ணை நான்கு வரிசை கூட்டப் போகிறது. நடுவில் 8+7 வந்தால், விரலை மடக்கி எண்ணி முடிப்பதற்குள் கையில் ஒன்று வைத்திருந்தோமா இரண்டா என்பது மறந்துவிடும். மனதில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடியது கொஞ்சம்தான். அந்த இடத்தை எண்ணுவதற்கே செலவழித்தால் கணக்கைப் பற்றி யோசிக்க இடம் எங்கே?

ஒற்றை இலக்கக் கூட்டல் மொத்தமே நூறு ஜோடி. இடம் மாற்றினால் விடை மாறாது என்று பார்த்தால் ஐம்பத்தைந்து. தினமும் கொஞ்சம் பயிற்சி, முடிந்தது. ஏன் இவ்வளவு சுற்றுகிறோம்?

5 | அலைவரிசை

நேர்கோடு சொல்வது போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பற்றி. கேள்வி போகும் பாதையைப் பற்றி. குழந்தைகளின் எண்ணும் வழிகளை ஆராயும் உளவியல் எனக்குப் பிடித்த துறை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972 இல் க்ரோன், பார்க்மன் என்ற இருவர் முதல் வகுப்புக் குழந்தைகள் கூட்டல் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். சின்ன எண் ஒன்று கூடினால் நேரமும் ஏறத்தாழ 0.4 விநாடி கூடியது. அதாவது 8+3 போட 8+2 ஐவிட ஓர் எண்ணிக்கை அளவு அதிக நேரம். எட்டா ஏழா என்பது பொருட்டில்லை. குழந்தைகள் பெரிய எண்ணில் தொடங்கிச் சின்ன எண்ணின் அளவுக்கு மேலே எண்ணுகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். 4+4 போன்ற இரட்டைகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை, அவை எவ்வளவு பெரிதானாலும் சட்டென்று வந்தன. உங்கள் மகளிடம் நீங்கள் பார்த்ததும் இதேதான்.

இந்த முடிவு பல ஆண்டுகள் பாடநூல் உண்மையாக இருந்தது: இந்த வயதுக் குழந்தை இந்த வழியில் போடும், அவ்வளவுதான். 1987 இல் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர் ஒரு எளிய காரியம் செய்தார். நேரத்தை அளந்ததோடு நிற்காமல், ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் குழந்தையிடமே "எப்படிப் போட்டாய்?" என்று கேட்டார். சராசரி நேரம் பழைய கோட்டின்மேல் அழகாக உட்கார்ந்தது. ஆனால் குழந்தைகள் சொன்னதைப் பார்த்தால், பெரிய எண்ணிலிருந்து எண்ணும் வழி பயன்பட்டது 36 விழுக்காடு கணக்குகளில் மட்டுமே. மீதியில் நினைவு, முழுதாக எண்ணுவது, பிரித்துச் சேர்ப்பது, ஊகம் எல்லாம் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது யாரும் எப்போதும் செய்யாத ஒன்று "குழந்தையின் வழி" என்று தெரிந்திருக்கிறது.

இதிலிருந்து அவர் வளர்த்தெடுத்ததுதான் ஒன்றன்மேல் ஒன்று படியும் அலைகள் என்ற கருத்து. ஒரு குழந்தையிடம் எந்த நேரத்திலும் பல வழிகள் கூடவே இருக்கின்றன. வயது ஏற ஏற எது எவ்வளவு பயன்படுகிறது என்ற விகிதம்தான் மாறுகிறது. பழைய வழி புதிய வழி வந்த அன்றே செத்துப்போவதில்லை. ஆகவே "முன்னேறிய குழந்தை ஏன் பின்னால் போகிறது" என்ற கேள்வியே படிக்கட்டு ஒன்றை மனதில் வைத்துக் கேட்பது. அப்படி ஒரு படிக்கட்டு இல்லை.

6 | மூன்றாம்பெஞ்சு

ஒரே பதிவில் ஐந்து வகுப்பு நடத்திவிட்டீர்கள். சரி, கேட்கிறேன்: புது வழி குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே?

7 | அலைவரிசை

எப்போதும் இல்லை. சீக்லரும் ஜென்கின்ஸும் 1989 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள். முழுதாக எண்ணத் தெரியும், பெரிய எண்ணிலிருந்து எண்ணத் தெரியாது. 11 வாரங்கள் தொடர்ந்து கணக்குக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசி வரை இருந்த எட்டுக் குழந்தைகளில் ஏழு பேர் தாங்களாகவே அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் வேறு. ஒன்று, கண்டுபிடிப்பு நடந்தது கஷ்டமான கணக்கில் மாட்டிக்கொண்டபோது அல்ல; முன்பு சரியாகவே போட்ட சாதாரணக் கணக்குகளில்கூட நடந்தது. தேவைதான் கண்டுபிடிப்பின் தாய் என்பது இங்கே பொருந்தவில்லை. இரண்டு, கண்டுபிடித்த அந்த நிமிடத்தில் வேகம் கூடவில்லை, குறைந்தது. நிறுத்தி, தடுமாறி, முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார்கள். மூன்று, கண்டுபிடித்த பிறகும் பழைய வழியையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். எட்டாவது வாரத்தில் 2+21 போன்ற கணக்கைக் கொடுத்தபோதுதான் நிலைமை மாறியது. அதை ஒன்றிலிருந்து எண்ணுவது பெரும்பாடு; 21 இலிருந்து இரண்டு எண்ணுவது சுலபம். புது வழியை ஏற்கெனவே ஒருமுறையாவது தொட்டிருந்த குழந்தைகள் அதன்பிறகு அதை அடிக்கடி எடுத்தார்கள். தொடாதவர்களுக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை.

நடுவில் ஒரு பாலமும் தெரிந்தது. 2+3 க்கு இரண்டு குவியலைத் தனித்தனியே எண்ணாமல் நேராக "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று ஒரே ஓட்டமாக எண்ணி நிறுத்துவது. ஒரு எண்ணிக்கையை நடத்திக்கொண்டே இன்னும் எத்தனை பாக்கி என்பதையும் கவனிக்க வேண்டியிருப்பதால் பெரிய எண்ணிலிருந்து எண்ணுவதற்கு வேண்டிய பயிற்சி இதில் கிடைத்துவிடுகிறது.

இன்னொன்று: கண்டபடி எதையும் முயன்று பார்த்துத் தப்பு வழிகளில் விழுந்து எழுந்திருக்கவில்லை. 1994 இல் சீக்லரும் க்ரௌலியும் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் மூன்று வழிகளைச் செய்து காட்டினார்கள்: அவர்கள் வழக்கமாகச் செய்வது, அவர்கள் இன்னும் பயன்படுத்தாத பெரிய எண்ணிலிருந்து எண்ணும் வழி, முதல் எண்ணையே இரண்டு தடவை எண்ணும் தவறான வழி. எது புத்திசாலித்தனம் என்று கேட்டால், தாங்கள் பயன்படுத்தாத சரியான வழியைத் தங்கள் வழிக்குச் சமமாகவே மதிப்பிட்டார்கள். தவறானதை மிகக் கீழே வைத்தார்கள். கூட்டல் என்றால் இரண்டு தொகுதியும் ஒரு தடவை எண்ணில் வந்தாக வேண்டும் என்ற புரிதல், செய்முறைக்கு முன்பே இருக்கிறது.

8 | கேள்விக்குறி

நன்றி. அப்படியானால் ஒவ்வொரு கணக்குக்கும் எந்த வழி என்று அவள் எப்படி முடிவு செய்கிறாள்? உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை.

9 | அலைவரிசை

யோசிப்பதில்லை. சீக்லர், ஷ்ரேகர் 1984 இல் சொன்ன விளக்கம்: ஒவ்வொரு கணக்கோடும் பல விடைகள் வெவ்வேறு வலுவில் ஒட்டியிருக்கும். 2+2 உடன் நான்கு அழுத்தமாக ஒட்டியிருக்கும், வேறு எதுவும் இல்லை. 8+3 உடன் பதினொன்று கொஞ்சம், பத்து கொஞ்சம், பன்னிரண்டு கொஞ்சம். நினைவிலிருந்து வரும் விடை மீதான நம்பிக்கை ஓர் அளவைத் தாண்டினால் வாயைத் திறப்பாள். தாண்டாவிட்டால் விரலுக்குப் போவாள். விரலில் சரியான விடை வரும் ஒவ்வொரு முறையும் பதினொன்று என்ற ஒட்டு இறுகும். ஒருநாள் விரல் தேவைப்படாது.

இதனால்தான் விரலைத் தடுப்பது எதிர்விளைவு தரும். எண்ண வழியில்லாத குழந்தை ஊகிக்கும். ஊகித்த தப்பு விடையும் ஒட்டிக்கொள்ளும்.

அந்த "ஓர் அளவு" குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். 1988 இல் சீக்லர் முதல் வகுப்புக் குழந்தைகளை மூன்று வகையாகப் பிரித்தார்: நன்றாகப் போடுபவர்கள், அவ்வளவாகப் போடாதவர்கள், முழு நிச்சயம் இல்லாமல் வாயைத் திறக்காதவர்கள். இந்த மூன்றாம் வகை தேர்வு மதிப்பெண்ணில் முதல் வகைக்குச் சமம். ஆனால் நினைவிலிருந்து சொல்வது இரண்டாம் வகையைவிடவும் குறைவு. விடை தெரிந்திருந்தும் சரிபார்க்க விரலை எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத குழந்தையும் இவர்களும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். மறுநாள் பென்சிலை அடுக்கியவள் இந்த ரகமாக இருக்கலாம்.

10 | பழைய சிலேட்டு

ஓய்வு பெற்ற ஆசிரியன். எல்லாம் சரி ஐயா, ஆனால் "எப்படிப் போட்டாய்" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை உண்மையைச் சொல்லும் என்று எப்படி நம்புகிறீர்கள்? நான் வகுப்பில் கேட்டால் "மனசுல போட்டேன் சார்" என்பார்கள், சற்று முன்தான் விரல் ஆடியிருக்கும். ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். விரலுக்கு அடி விழும் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் மனக்கணக்குப் புலிதான்.

வாயை நம்பாதே, உதட்டைப் பார். முணுமுணுப்பு எத்தனை அசைவு என்று எண்ணு. கண் எங்கே போகிறது, தலை எத்தனை முறை ஆடுகிறது, எவ்வளவு நேரம் ஆகிறது. 9+2 வையும் 2+9 ஐயும் தள்ளித்தள்ளிக் கொடுத்து நேரத்தைக் கவனித்தால் பிள்ளை எங்கே தொடங்குகிறது என்பது தானாகத் தெரியும். கேள்வியே கேட்க வேண்டாம்.

11 | அலைவரிசை

சரியான எச்சரிக்கை. ஆய்வாளர்களும் கேட்டதை மட்டும் நம்புவதில்லை, காணொளியையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். சில சமயம் குழந்தை மறைப்பதில்லை, அதற்கே தெரிவதில்லை. சீக்லரும் ஸ்டெர்னும் 1998 இல் ஜெர்மனியில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 18+5−5 மாதிரிக் கணக்குகள் கொடுத்தார்கள். கூட்டிக் கழிக்கத் தேவையில்லை, விடை 18 தான். கூட்டிக் கழித்தால் எட்டு விநாடி போல ஆகும். குறுக்குவழி என்றால் நான்குக்கும் குறைவு. ஏறத்தாழ 90 விழுக்காடு குழந்தைகள், "கூட்டிட்டுக் கழிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே குறுக்குவழி வேகத்தில் விடை தந்தார்கள். கொஞ்சம் தள்ளித்தான் வாயிலும் அந்த வழி வந்தது.

12 | தொடுவானம்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் கழித்தல்தான் சண்டை. பையனுக்கு எட்டு வயது. கூட்டல் சுத்தமாக வருகிறது. 52−38 கொடுத்தால் 26 என்கிறான். தினமும் "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று கத்துகிறேன். அப்புறம், 11−9 க்கு ஒன்பது விரலை மடக்கிப் பின்னாலேயே எண்ணி வருகிறான், பாதியில் தொலைந்துபோகிறான்.

13 | பழைய சிலேட்டு

26 எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? ஒன்றாம் இடத்தில் 2, 8. எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு. பத்தாம் இடத்தில் ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. "எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று முன்பு யாரோ சொன்ன விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறான். இரண்டிலக்கம் வரும் வரை அந்த விதியில் ஓட்டையே தெரியாது.

14 | மணிச்சட்டம்

ஆமாம், உலகம் முழுக்கப் பார்க்கப்படும் பிழை இது. 1978 இல் ப்ரௌன், பர்ட்டன் இருவரும் இப்படிப்பட்ட கழித்தல் பிழைகளை ஒழுங்காகப் பட்டியலிட்டார்கள். பெரும்பாலானவை கவனக்குறைவு அல்ல. குழந்தை ஒரு தவறான விதியைப் பிசகாமல் பின்பற்றுவது. அதனால் "கவனமாகப் போடு" என்பது இங்கே உதவாது. 38 லிருந்து 52 க்குப் போக எவ்வளவு என்று ஏறிப் போகச் சொல்லிப் பாருங்கள்: 38 லிருந்து 40 க்கு இரண்டு, 40 லிருந்து 52 க்குப் பன்னிரண்டு, மொத்தம் பதினான்கு. இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்து எது சரி என்று அவனையே கேளுங்கள். கத்துவதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

11−9 ம் அதே கதை. 11−2 க்குக் கீழே எண்ணுவது சுலபம், 11−9 க்கு ஒன்பதிலிருந்து மேலே எண்ணுவது சுலபம். எந்தப் பக்கம் குறைவு என்று பார்த்துத் திரும்பும் குழந்தை, கழித்தல் என்பது எடுத்துவிடுவது மட்டுமல்ல, இடைவெளியும்தான் என்று கண்டுகொண்டது. பின்னால் எண்ணுவது பெரியவர்களுக்கே கஷ்டம். எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள், தெரியும்.

குழந்தை முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, கதையைப் பார்க்கிறது. ஹட்சன் 1983 இல் செய்தது இதற்கு நல்ல சான்று. பறவைகளும் புழுக்களும் உள்ள படம். "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்றால் மழலையர் வகுப்பில் 25 விழுக்காடுதான் சரி. "ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடித்தால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்றால் 96 விழுக்காடு. அதே படம், அதே விடை. இரண்டாவது கேள்வியில் என்ன செய்வது என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது.

கார்ப்பெண்டரும் குழுவினரும் 1993 இல் எழுபது மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒன்பது கதைக் கணக்குகள் கொடுத்தார்கள். பெருக்கல், வகுத்தல், மீதி வரும் வகுத்தல்கூட அதில் உண்டு. வகுத்தல் என்ற சொல்லே தெரியாத வயது. கதையில் நடப்பதைப் பொருள்களை வைத்து நடத்திப் பார்த்தே 32 பேர் ஒன்பதுக்கும் சரியான வழியைப் பிடித்தார்கள். "கூட்டலா கழித்தலா, முதலில் அதைச் சொல்" என்று நாம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பலர் கதையை விட்டுவிட்டு எண்களை மட்டும் பொறுக்குகிறார்கள்.

15 | தொடுவானம்

38, 40, 52. பையன் அதைப் பார்த்துவிட்டு "இது கழித்தலே இல்ல, கூட்டல்" என்கிறான். இப்போது இதற்கு என்ன பதில் சொல்வது?

16 | மூன்றாம்பெஞ்சு

சரியான கேள்வி. பையனையும் இந்த இழைக்குள் சேர்த்துவிடுங்கள்.

17 | நேர்கோடு

கதையெல்லாம் நன்று. ஆனால் செங்குத்தாக எழுதிப் போடும் முறை நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பது சும்மாவா? எந்த எண்ணுக்கும் ஒரே முறை, யோசிக்க வேண்டாம், தப்பாது. ஒவ்வொரு குழந்தையும் சொந்த வழி கண்டுபிடிக்கட்டும் என்று முப்பது பேர் வகுப்பில் விட்டால் ஆசிரியர் என்ன செய்வார்?

18 | அலைவரிசை

"யோசிக்க வேண்டாம்" என்பதுதான் அதன் பலமும் சிக்கலும். கமீ, டொமினிக் 1998 இல் எழுதியது: இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் 7+52+186 ஐ எழுதாமல் போடச் சொன்னார்கள். செங்குத்து முறை சொல்லிக்கொடுத்த வகுப்பில் 12 விழுக்காடு சரி. சொல்லிக்கொடுக்காத, தாங்களாகவே வழி தேடிய வகுப்பில் 45 விழுக்காடு. தப்பு விடைகள்தான் கூடுதலாகப் பேசின. முறை கற்ற வகுப்பில் 938 போன்ற விடைகள் வந்தன. 7 ஐ 186 இன் 1 க்கு நேராக நிறுத்தி 7+1, 5+8, 2+6 என்று போட்டால் அது வரும். 186 உடன் அறுபதுக்கும் குறைவாகச் சேர்த்தால் தொள்ளாயிரம் எப்படி ஆகும் என்ற சந்தேகமே எழவில்லை.

19 | பழைய சிலேட்டு

எழுதிப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு எழுதாமல் போடச் சொன்னால் இடறத்தானே செய்யும்? பந்தயம் சமமாக இல்லை. தவிர, அந்த வகுப்புகளைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. சொந்த வழிக்கு இடம் கொடுக்கும் ஆசிரியர் வேறு பல விஷயங்களிலும் நல்ல ஆசிரியராக இருப்பார். அதனால் செங்குத்து முறையே கெடுதல் என்று இதிலிருந்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். பத்து பத்தாகப் பிரித்து மனதில் கூட்டத் தெரிந்த பிள்ளைக்குச் செங்குத்து முறை சொல்லிக்கொடுத்தால் எந்தக் கேடும் வருவதில்லை, ஏன் அந்த ஒன்றைக் கையில் வைக்கிறோம் என்பது அதற்குத் தெரிகிறது. இடமதிப்பு புரியாத பிள்ளைக்குச் சொன்னால் 938 தான். இதற்கு நேர்கோடு கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

20 | நேர்கோடு

கோபம் இல்லை. வரிசைதான் முக்கியம் என்கிறீர்கள், அதை ஏற்கிறேன். ஆனால் விரலை எப்போதுமே தொடக் கூடாத விஷயமாக ஆக்கிவிடாதீர்கள். எட்டு வயதிலும் 6+3 க்கு விரல் மடக்கும் குழந்தையை "அதன் வேகத்தில் வரட்டும்" என்று விட்டுவிடுவது கருணை இல்லை.

21 | அலைவரிசை

இதில் உங்கள் பக்கம்தான் சான்று. ஜோர்டன் குழுவினர் 2008 இல் வெளியிட்டது: மழலையர் வகுப்பில் விரலை அதிகம் பயன்படுத்தும் குழந்தைகளே அதிகம் சரியாகப் போடுகிறார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது அந்தத் தொடர்பு மறைந்து, லேசாக எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஐந்து வயதில் விரல் நல்ல அறிகுறி. எட்டு வயதில் அதை மட்டுமே நம்பியிருந்தால் உதவி வேண்டும். அந்த உதவி கையைக் கட்டச் சொல்வதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் வாதம்.

22 | கேள்விக்குறி

எல்லோருக்கும் நன்றி. கையை மேசைக்கு மேலே வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். 2+21 கொடுத்துப் பார்த்தேன். "இருபத்திரண்டு, இருபத்திமூணு" என்று உடனே வந்தது. அப்புறம் 9+6 கேட்டேன், விரலே இல்லாமல் பதினைந்து. எப்படி என்றால், "ஒன்பதுக்குப் பத்து ஆகணும்னு ஆசை, அதனால ஆறு ஒண்ணு கொடுத்துச்சு" என்றாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை, நான் இல்லை. ஆனால் 8+6 க்கு இது வரவில்லை. மறுபடி எட்டிலிருந்து ஆறு விரல்.

23 | மணிச்சட்டம்

எட்டுக்கு இரண்டு வேண்டும், ஆறை இரண்டாகவும் நான்காகவும் உடைக்க வேண்டும். ஒன்றைக் கொடுப்பதைவிட இது ஒரு படி கூடுதல் வேலை. பத்தை இரண்டாகப் பிரிக்கும் ஜோடிகள் (8க்கு 2, 7க்கு 3) அவளுக்கு எவ்வளவு சட்டென்று வருகின்றன என்று பாருங்கள். அது தடுமாறினால் 8+6 இல் அந்த வழி வராது, வந்தாலும் விரலைவிட மெதுவாக இருக்கும், அவள் எடுக்க மாட்டாள்.

பத்துக் கட்டங்கள், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு தாளில் வரையுங்கள். எட்டில் மணி வைத்து, "இன்னும் எத்தனை காலி?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டல் என்றே சொல்ல வேண்டாம். அப்புறம் 9+4, 9+7, 8+3, 8+5 என்று அடுத்தடுத்துக் கொடுங்கள். 8+2 ஐக் கேட்டு, உடனே பின்னால் 8+3 ஐக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். நேரம் பிடிக்காதீர்கள். விடை சரியாக இருந்தாலும் சில சமயம் "வேறு வழியில போட முடியுமா?" என்று கேளுங்கள், தப்பாக இருக்கும்போது மட்டும் கேட்டால், அந்தக் கேள்விக்கே "நீ போட்டது தப்பு" என்று பொருள் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

24 | தொடுவானம்

என் பையனின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அது கழித்தலா, கூட்டலா?

25 | பழைய சிலேட்டு

38 உடன் எவ்வளவு சேர்த்தால் 52 என்று தேடினான், 14 என்று கண்டான். இப்போது 52 பொருளை எடுத்து வைத்து 38 ஐ அகற்றச் சொல்லுங்கள், மீதியை எண்ணட்டும். அதுவும் 14. பிறகு 14 ஐ அகற்றச் சொல்லுங்கள், 38 மிஞ்சும். இரண்டும் ஒன்றா வேறா என்று அவனே உங்களிடம் சண்டைக்கு வருவான். பதிலை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

பெருக்கல் பற்றிப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை 6×7 ஐ எப்படிப் போடுகிறது என்று எழுத எனக்கு நிறைய இருக்கிறது.